காகிதக் கைவேலை: கருவிகளும் அவற்றின் இருப்பிடமும்

காகிதக் கைவேலை என்றதும் நம்மில் பலருக்குத் தொடக்கப் பள்ளியில் செய்த கப்பலும் காற்றாடியும் நினைவுக்கு வரும். அது சிறுவர் பொழுதுபோக்கு. கல்லூரிக்கு வந்தவர்கள் அதில் கற்க ஏதுமில்லை என்று கருதுவோரும் உளர். ஆனால் நாம் நாள்தோறும் கையில் ஏந்தும் நூல்கள் யாவும் காகிதக் கைவேலையே அன்றோ? தாளை மடித்து, தைத்து, ஒட்டி, அட்டையிட்டுச் செய்த பொருளுக்கே புத்தகம் என்று பெயர்.

எந்த நூலகத்திலேனும் பழைய நூல்கள் உள்ள அலமாரி ஒன்றைத் திறந்து பாருங்கள். முதுகு பிரிந்தவை, முதற்பாரம் கழன்றவை, செல்லோடேப் ஒட்டிப் பழுப்பேறியவை எனப் பலவும் கண்ணில் படும். மறுபதிப்புக் காணாத ஒரு தமிழ் நூலில் ஒரு பாரம் கழன்று போனால் பதினாறு பக்கங்கள் போயின. அவற்றை மீண்டும் எழுதித் தர அந்த ஆசிரியர் வரப்போவதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த நூல்களே 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன. அவரைப் போல் எல்லோராலும் சேர்க்க இயலாது. கையில் இருக்கும் ஒன்றைப் பிரியாமல் காக்க எல்லோராலும் இயலும். அதற்கு வேண்டிய கருவிகள் ஐந்தாறுதான். அவற்றைப் பற்றியும், அவற்றையும் பிற பொருள்களையும் வைத்துக்கொள்ளும் முறை பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலைக் காலத்துப் பாடம்

'தாள்' என்ற சொல்லுக்குத் தமிழில் தண்டு என்பது ஒரு பொருள். நெல்லின் தாள் என்று உழவர் இன்றும் கூறுவர். எழுதும் காகிதத்துக்கும் அச்சொல்லே வழங்குவது பொருத்தமானது. காகிதமும் செடிகொடிகளின் நாரால் ஆனதுதானே!

காகிதம் பரவுமுன் நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். அவர்கள் கையாண்ட எழுத்தாணிகளில் மடக்கெழுத்தாணி என்று ஒரு வகை உண்டு. அதன் ஒரு முனையில் எழுதும் ஊசி. மறுமுனையில் ஓலை நறுக்கும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக் கொள்ளும். வேலைக்கு வேண்டிய இரு கருவிகளும் அவற்றுக்குரிய உறையும் ஒரே பொருளாக அமைந்துவிட்டன. கத்தி எங்கே என்று தேடும் வேலை அந்த எழுத்தாளருக்கு இல்லை. இன்று நாம் கட்டரை ஒரு மூலையிலும் அடிகோலை மற்றொரு மூலையிலும் வைத்துவிட்டு அரைமணி நேரம் தேடுகிறோம். கருவிகளை ஒழுங்காக வைப்பது பற்றி எழுதப்படும் எல்லா அறிவுரைகளையும் விட அந்த மடக்கெழுத்தாணி எனக்குத் தெளிவாகப் பேசுகிறது.

கருவி குறைந்தால் வேலை குறையும் என்று எண்ண வேண்டா. டி. சுந்தரராவ் என்பவர் தாளை மடித்தே வடிவக் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆங்கில நூலை 1893-இல் சென்னையில் வெளியிட்டார். குழந்தைப் பள்ளிகளுக்காக விற்கப்பட்ட ஒரு பெட்டியே அதற்குத் தூண்டுகோல். அப்பெட்டியில் இருந்தவை பல வண்ணங்களில் இருநூறு சதுரத் தாள்கள், மடிப்பை அழுத்தும் சில்லு ஒன்று, படங்களும் குறிப்புகளும், அவ்வளவே. அவற்றைக் கொண்டு சுந்தரராவ் முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று தொடங்கி வளைகோடுகள் வரை சென்றார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் எழுத்தில் எடுத்துக் காட்டிய பிறகு அது உலகறிந்தது. 1901-இல் அமெரிக்கப் பதிப்பும் வந்தது. பின்னாளில், 1936-இல், மூன்றாம்படிச் சமன்பாடுகளையும் மடிப்பினால் தீர்க்கலாம் என்று இத்தாலியக் கணித அறிஞர் மார்கரித்தா பெலோக் காட்டினார். அளவுகோலும் கவராயமும் கொண்டு இயலாத ஒன்று வெறும் மடிப்பால் இயன்றது. கணிதத் துறை நண்பர்கள் இதனை நம்மை விட நன்றாக விளக்குவர்.

நாரோட்டம்

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் தாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதை அறியாதவர் எத்தனை கருவிகள் வாங்கினாலும் பயனில்லை.

ஆலையில் காகிதம் செய்யும்போது நார்க்கூழ் ஓடும் வலைமேல் பரவுகிறது. அப்போது நார்களிற் பெரும்பாலானவை வலை ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. இதனால் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் 'ஓட்டம்' உண்டு. மரத்துக்கு ரேகை இருப்பது போல. ஓட்டத்தின் வழியே மடித்தால் மடிப்பு நூல் பிடித்தாற்போல் விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து, மடிப்பு சொரசொரப்பாகும். கனத்த தாளாயின் வெடிக்கும்.

இதனைக் கண்டறிவது எளிது. தாளை மடிக்காமல் மெல்ல வளைத்துக் கையால் அழுத்திப் பாருங்கள். பின்னர் மறுபக்கமாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்த வளைவின் நீளவாட்டில் ஓட்டம் உள்ளது. கிழித்தும் பார்க்கலாம்: ஓட்டத்தின் வழியே நேராகக் கிழியும்; குறுக்கே கிழித்தால் கோணலாக ஓடும். செய்தித்தாளில் இது மிக நன்றாகத் தெரியும். நம் வீடுகளில் வாழையிலையைக் கிழிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட்டம் இருக்க வேண்டும் என்பது கட்டுமானத்தின் முதல் விதி. பசை பட்டதும் தாள் ஈரம் குடித்து விரிகிறது. விரிவது ஓட்டத்துக்குக் குறுக்கேதான் மிகுதி. ஓட்டம் தவறாக அமைந்த புத்தகம் முதுகோரம் அலை அலையாகச் சுருங்கி, என்றும் சரியாக மூடாது. கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாட்டில் ஓட்டம் இருக்கும். அதை இரண்டாக மடித்துச் சிறு நூல் செய்தால் மடிப்பு குறுக்கே விழுகிறது. கல்லூரி விழாக்களுக்கு நாம் அச்சிடும் சிறு மலர்கள் வாயைப் பிளந்தபடி நிற்பதற்கு இதுவே காரணம். பெரிய தாளாக வாங்கி ஓட்டம் பார்த்து வெட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

தாளின் கனத்தைச் சொல்லும் கணக்கும் தெரிந்திருப்பது நலம். 70 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 70 கிராம் என்பது பொருள். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 70 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 4.4 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் ஏறத்தாழ 2.2 கிலோ. பழைய கணக்கில் 24 தாள் ஒரு குயர். 20 குயர், அதாவது 480 தாள், ஒரு ரீம். நம் பெற்றோர் 'ஒரு குயர் நோட்டு, இரண்டு குயர் நோட்டு' என்று கேட்டு வாங்கியது இக்கணக்கில்தான்.

கையோடு இருக்க வேண்டியவை

கருவிகளில் எனக்கு முதன்மையானது மடிப்புச் சில்லு. மேல்நாட்டார் இதனை எலும்பில் செய்வர். நமக்கு மூங்கில் போதும். ஒரு சாண் நீளம், விரலகலம் உள்ள மூங்கில் பட்டையை எடுத்து, ஒரு முனையை வட்டமாகவும் மறுமுனையைச் சற்றுக் கூராகவும் இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் நன்கு துடைத்துவிட வேண்டும். செலவு ஏதுமில்லை. நகத்தால் மடிப்பை அழுத்துபவர்களின் தாளில் பளபளப்பான கோடு விழும். கை வியர்வையும் படியும். சில்லால் ஒரே இழுப்பில் அழுத்தினால் மடிப்பு கத்தி போல் நிற்கும். மடிப்பின்மேல் வேறொரு தாளை வைத்து அதன்மேல் இழுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது குத்தூசி. தைப்பதற்கு முன் துளைகளை இட்டுக்கொள்ள இது இன்றியமையாதது. பாரத்தை விரித்து, உள்மடிப்பின் பள்ளத்தில் ஐந்து இடங்களில் துளையிட வேண்டும். துளையிடும் இடங்களை ஒரு துண்டு அட்டையில் குறித்து வைத்துக்கொண்டு எல்லாப் பாரங்களுக்கும் அதையே பயன்படுத்தினால் முதுகு நேராக நிற்கும். பலர் நூலைப் பிரித்துத் தைக்கச் சோம்பிப் பக்கவாட்டில் குத்தித் தைத்துவிடுகின்றனர். அவ்வாறு தைத்த புத்தகத்தில் உள்வரிசை எழுத்துகள் மடிப்புக்குள் மறைந்துவிடும். படிப்பவர் அதைப் பிளந்து விரிப்பார், முதுகு உடையும். நகல் எடுப்பதற்காகக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தும்போது உடைவதும் இத்தகைய புத்தகங்களே.

இரும்பு அடிகோலும் கட்டரும் இணைபிரியாதவை. பிளாஸ்டிக் அடிகோலை ஒட்டிக் கத்தியை ஓட்டினால் நான்கே நாளில் அதன் ஓரம் பல்பல்லாகிவிடும். கத்தரிக்கோல் இரண்டு வேண்டும். துணிக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று. தாள் வெட்டிய கத்தரி துணியைக் கடிக்கும் என்பதை வீட்டில் தையல் தெரிந்த எந்த அம்மாவும் அறிவார். கருவி விற்பனையாளர்கள் காட்டும் பூவேலை கத்தரி, மூலை வெட்டி, பொத்தான் துளைப்பான் முதலியவை அழகானவைதாம். ஆனால் ஓராண்டில் நான்கு முறை பயன்படும் பொருளுக்காக மேசையில் இடம் ஒதுக்குவது வீண் என்பது என் கருத்து.

தூரிகையைப் பற்றி ஒரு சொல். பசை தடவும் தூரிகையை வேலை முடிந்தவுடன் கழுவித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். காய்ந்த தூரிகை துடைப்பக் குச்சிக்குச் சமம்.

மூன்று ஊர்ப் பொருள்கள்

இனிப் பொருள்களுக்கு வருவோம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி ஆகிய மூன்றும் ஒரே காலைப் பொழுதில் பேருந்தில் சென்று பார்த்துவிடக்கூடிய தொலைவில் உள்ளவை. நூற்கட்டுமானத்துக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை இந்த வட்டாரத்திலேயே விளைகின்றன.

இராஜபாளையத்தில் 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின. ஊர் நூலுக்குப் பெயர் பெற்றது. புத்தகம் தைக்கப் பருத்தி நூலே சிறந்தது. நைலான் நூல் தாளை அறுக்கும். நூலின் எண் கூடக் கூட இழை மெலியும் என்பதை இவ்வூரார் அறிவர். தடித்த நூலை எடுத்து மெழுகுவர்த்தியின்மேல் இருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர் பெற்ற ஊர். புத்தகக் கட்டுமானத்தில் தைத்த முதுகின்மேல் ஒட்டுவதும் இதே போன்ற கண்ணறைத் துணிதான். கட்டுத்துணியைக் கஞ்சியில் நனைத்து, விறைப்பாகக் காயவைத்து, முதுகை விட இருபுறமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி ஒட்டினால், அட்டைக்கும் பாரங்களுக்கும் இடையே அதுவே கீல் ஆகிறது. புண்ணைக் கட்டும் துணி புத்தகத்தின் முதுகையும் கட்டுகிறது!

சிவகாசி தருவது அட்டை. தினசரி நாட்காட்டியின் தாள்கள் முழுவதும் கிழிக்கப்பட்ட பின் அதன் பின்னட்டை குப்பைக்குப் போகிறது. டிசம்பர் மாத இறுதியில் தெருவில் நான்கு வீடுகளில் கேட்டு வாங்கினால் ஓராண்டுக்கு வேண்டிய அட்டை கிடைத்துவிடும். மேலே படம் உள்ள பக்கத்தை உள்ளே வைத்துக் காலிகோ துணியால் மூடிவிடலாம். அட்டைக்கும் ஓட்டம் உண்டு என்பதை மறவாதீர்கள். ஒரு புறம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டை அப்புறமாக வளையும். மறுபுறமும் தாள் ஒட்டினால்தான் சமனாகும். திருமண அழைப்பிதழ்களின் கனத்த தாளும் அடையாள அட்டை, உறை முதலியவற்றுக்கு நன்கு உதவும்.

எந்தப் பகுதிக்கு எப்பொருள் என்று தெரிந்து எடுப்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. ஆண்டாளின் கையில் நாள்தோறும் புதிதாகச் செய்து வைக்கப்படும் கிளியைப் பார்த்திராதவர் நம்மில் குறைவு. ஆனால் அது எவற்றால் ஆனது என்று உற்றுப் பார்த்தவர் எத்தனை பேர்? அலகுக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளி மொட்டுகள், கண்ணுக்குக் காக்காய்ப்பொன், எல்லாவற்றையும் கட்டுவதற்கு வாழைநார். விறைப்பு வேண்டிய இடத்தில் ஓலை, வளைய வேண்டிய இடத்தில் இலை, இழுத்துக் கட்ட வேண்டிய இடத்தில் நார். அடுத்த நாள் வாடிவிடும் ஒரு பொருளுக்கு இத்தனை கவனம்! நூறாண்டு நிற்க வேண்டிய புத்தகத்துக்கு நாம் கையில் கிடைத்த தாளை ஒட்டுகிறோம்.

தாளிலும் அத்தகைய வேறுபாடு உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 முதல் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. மரத்தை மிச்சப்படுத்தும் நல்ல முயற்சி அது. எழுதவும் அச்சிடவும் ஏற்ற தாள். ஆயினும் சக்கையின் நார் குட்டையானது. பருத்தியின் நார் நீளமானது. நாம் புழங்கும் ரூபாய்த் தாள் பருத்தியால் ஆனதாலேயே ஆயிரம் கைகளில் மடிபட்டும் தாங்குகிறது. கிழிந்த மடிப்பை உள்ளிருந்து ஒட்டுவதற்குப் பருத்தியில் செய்த மெல்லிய கைத்தாளே தக்கது. செல்லோடேப் வேண்டவே வேண்டா. சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்து, அதன் பிசின் மட்டும் தாளில் ஊறிப் பழுப்பாக நின்றுவிடும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு இளந்தீயில் விடாமல் கிளற வேண்டும். வெண்மை மாறிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கலாம். பூச்சி வராமலிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது பைண்டர்களின் பழைய வழக்கம். கணக்கு நோட்டுகளுக்கு அது சரி. அரிய நூல்களுக்குச் சேர்க்கலாகாது. செம்புச் சத்து நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். துத்தம் நஞ்சு ஆதலால், சேர்ப்பவர்கள் சமையல் பாத்திரத்தைத் தொடவும் கூடாது.

ஒட்டிய கைகள்

நம் வட்டாரத்தில் காகிதக் கைவேலையை மிகுதியாகச் செய்தவர்கள் கலைஞர்கள் அல்லர். வீட்டுத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டிய பெண்களே. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய வரலாற்றை நாம் அறிவோம். மெல்லிய மரச் சீவலை மடித்து நீலத்தாள் சுற்றி ஒட்டிய அந்தக் காலத்துப் பெட்டிகளைச் செய்தவர்களின் வரலாற்றை எவரும் எழுதவில்லை. 144 பெட்டிகள் ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில் கூலி. சிறுவர் சிறுமியர் கைகளும் அவ்வேலையில் இருந்தன. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலைக் குழந்தைகளுக்குத் தடைசெய்த பட்டியலில் சேர்த்தது. எனவே அதை இனிய நினைவாக மட்டும் பாடிவிட இயலாது.

ஆனால் அவ்வேலை நடந்த ஒழுங்கை நாம் கற்கலாம். இடப்புறம் சீவல், வலப்புறம் தாள், நடுவே பசை தடவிய பலகை, முன்னே காயப்போடும் முறம். கை ஒரே பாதையில் போய் ஒரே பாதையில் திரும்பும், கண் தேடாது. கூலி கணக்கிடப்படும் இடத்தில் தேடும் நேரத்துக்குக் கூலி இல்லை. நம் மேசையையும் இவ்வாறே அமைத்துக்கொள்ளலாம். கருவிகளை வகை பிரித்து அடுக்குவதை விட, வேலை நடக்கும் வரிசையில் அடுக்குவது சிறந்தது: அளப்பவை, வெட்டுபவை, மடிப்பவை, துளைப்பவை, தைப்பவை, ஒட்டுபவை.

சுவரில் ஓர் அட்டையை மாட்டி, ஒவ்வொரு கருவியின் உருவையும் அதன்மேல் கோடாக வரைந்து, அதே இடத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டால், எது திரும்பவில்லை என்பதை வெற்றுக்கோடே சொல்லிவிடும். விடுதி அறையில் நால்வர் பொதுவாகப் பயன்படுத்தும் இடத்தில் இம்முறை சண்டையைக் குறைக்கும்.

ஊசி, பிளேடு, பொத்தான், நூற்கண்டு ஆகியவற்றுக்குத் தீப்பெட்டியே சிறந்த அறை. பன்னிரண்டு வெற்றுப் பெட்டிகளை மூன்று வரிசையாக அடுக்கி ஒட்டி, சுற்றிலும் காலிகோ போர்த்தி, ஒவ்வோர் உட்பெட்டியிலும் ஒரு நூல் முடிச்சைக் கைப்பிடியாக வைத்தால் பன்னிரண்டு இழுப்பறை கொண்ட சிறு அலமாரி ஆயிற்று. முகப்பில் உள்ளிருக்கும் பொருளின் பெயரை எழுதலாம். பொருளிலேயே ஒன்றை ஒட்டிவைப்பது அதனினும் மேல். வெட்டித் துண்டுகளைப் போட்டு வைக்கப் பால்கோவாப் பெட்டிகளைச் சிலர் எடுத்துக்கொள்கின்றனர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பின் பெட்டி என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் எண்ணெய்ப் பசை ஊறிய அட்டை தாளுக்குப் பகை. எறும்புக்கு நூலகம் தெரியாது, பால்கோவா நன்றாகத் தெரியும்.

முழுத் தாள்களைச் சுருட்டி வைக்காமல் படுக்கையாக, ஓட்டம் ஒரே பக்கமாக இருக்கும்படி அடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையடிவார ஊர்களின் சுவர்கள் ஈரம் குடிக்கும். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுவது நல்லது. இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைக்கலாம். சுவடி வைத்திருந்த வீடுகளின் பழைய முறை அது. கரையானுக்கு வசம்பு போதாது. அலமாரியின் கால்களை வாரம் ஒருமுறை குனிந்து பார்ப்பதே வழி.

தைத்து, முதுகில் துணி ஒட்டி, அட்டை பூட்டிய புத்தகத்தை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்குழவியோ செங்கல்லோ ஏற்றி, ஓர் இரவு விட வேண்டும். அட்டைக்கும் முதல் தாளுக்கும் இடையே எண்ணெய்த்தாள் ஒன்றைச் செருகினால் ஈரம் உள்ளே பரவாது. மறுநாள் எடுத்தவுடன் நடுவில் பிளந்து விரிக்கக் கூடாது. முதுகை மேசைமேல் நிறுத்தி, முன்பக்கம் பத்துத் தாள், பின்பக்கம் பத்துத் தாள் என்று மாறி மாறிச் சாய்த்து, ஒவ்வொரு முறையும் உள்மடிப்பை மூங்கில் சில்லால் மெல்ல வருடிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும்.